சொதிச் சாப்பாட்டுக்கு நிறம் தேடிய மூன்று ஞாயிறுகள்

அம்மாவுக்குப் பிறந்தநாள் இரண்டு. பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1. அந்தக் காலத்து வாத்தியார் கைக்கு வந்த தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார். வீட்டுக் கணக்கில் ஆவணி உத்திரட்டாதி. இந்த முறை அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அம்மாவும் அந்த வாரம் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு, என் வீட்டுக்கு வருவதாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே போனில் கேட்டுவிட்டேன். “எம்மா, ஓட்டலுக்குப் போவோமா?”

“ஓட்டலெல்லாம் வேண்டாம்ல. கொஞ்சம் சொதி வச்சிரு. போதும்.”

திருநெல்வேலிப் பக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வரி: சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவைத்துச் செய்யும் குழம்பு. புளி கிடையாது, மஞ்சள் கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது. காரத்துக்குப் பச்சை மிளகாய், புளிப்புக்கு எலுமிச்சை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு என்றாலே சொதிதான். தேங்காய்ப்பால் மந்தம் என்று கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பார்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, அப்பளம்.

எனக்குச் சொதி வைக்கத் தெரியும். ஆனால் இந்த ஒரு நாளாவது அம்மாவின் சாப்பாடு பார்க்கவும் நன்றாக இருக்கவேண்டும் என்று ஆசை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா உட்கார்ந்து, தனக்கென்று பரிமாறி, நிதானமாகச் சாப்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடி, காரக்கறி செய்த இரும்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அந்தச் சட்டியிலேயே சாப்பிடுவாள். தட்டுகூட எடுக்க மாட்டாள். கேட்டால், “இன்னொரு தட்டக் கழுவணுமா?” என்பாள்.

சரி, ஒரு நாள் இலை போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். அதற்குள் இரண்டு ஞாயிறு ஒத்திகைக்குக் கிடைத்தன. சாப்பிட்டுச் சொல்ல மனைவியும் மகளும்.

முதல் ஞாயிறு: வெள்ளைமேல் வெள்ளை

நாலு பேருக்கு நான் எடுத்துக்கொண்ட அளவு இது. பெரிய தேங்காய் 2. பாசிப்பருப்பு கால் கப். பச்சை மிளகாய் 8, இஞ்சி விரல் நீளத்துண்டு ஒன்று, இரண்டையும் சேர்த்து அரைத்தது. சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல். காய்களில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி. எலுமிச்சை ஒன்று.

தேங்காயை வெந்நீர் விட்டு அரைத்து முதல் பால் ஒரு தம்ளர் எடுத்துத் தனியாக வைத்தேன். இரண்டாம் பால் ஒன்றரைத் தம்ளர், மூன்றாம் பால் மூன்று தம்ளர். காய் வேகுவதெல்லாம் மூன்றாம் பாலில். வெந்த பிறகு பருப்பும் இரண்டாம் பாலும். முதல் பால் கடைசியில்தான். அதை ஊற்றி ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து.

சுவையில் குறை இல்லை. பிறகு அலமாரியிலிருந்து நல்ல வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்தேன். விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும் தட்டு. அதில் வெள்ளைச் சோறு, மேலே வெள்ளைச் சொதி, பக்கத்தில் ரொம்ப நேரம் கிண்டியதில் பாதி மசிந்துபோன உருளைக்கிழங்கு, மண்நிறத்தில் இஞ்சிப் பச்சடி. மனைவி படம் எடுத்துத் திருநெல்வேலியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் அக்காவிடமிருந்து பதில்: “யாருக்கு உடம்பு சரியில்ல?”

சிரித்தாலும் அவள் சொன்னது சரி. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிதான் இருந்தது. பீன்ஸ் காக்கி நிறத்துக்குப் போயிருந்தது. கேரட் வெளிறியிருந்தது. போதாக்குறைக்கு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே இருப்பது நீலம் கலந்த வெள்ளை விளக்கு. அந்த வெளிச்சத்தில் தேங்காய்ப்பால் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து என்னென்ன தவறு என்று எழுதினேன். முக்கியமான ஒன்று பீன்ஸ். பச்சைக் காயின் நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது. சூட்டில் அமிலம் பட்டால் அது விலகிப் பச்சை மங்கிக் காக்கியாகிவிடும். காய் வேகும்போதே கொஞ்சம் அமிலத்தை விடும். மூடி போட்டு வேகவைத்தால் அது ஆவியோடு போகாமல் உள்ளேயே இருக்கும். நான் மூடியும் போட்டு, கடைசியில் எலுமிச்சையும் பிழிந்து, அரைமணி நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு பச்சை எங்கிருந்து நிற்கும்? ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் நிறம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான், ஆனால் காய் கொழகொழத்துப்போகும். எனக்கு அதில் விருப்பமில்லை.

இரண்டாம் ஞாயிறு: அதிகப்படியான ஆர்வம்

இந்த வாரம் எல்லாவற்றையும் சரிசெய்யப் புறப்பட்டு, தேவையில்லாதவற்றையும் சேர்த்துச் செய்தேன்.

முதலில் இலை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நுனி இலை மூன்று வாங்கினேன், ஒன்று பத்து ரூபாய். நுனி இலை என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஏடாக நறுக்கியதைக் கொடுத்துவிடுவார்கள். சுருட்டும்போது ஓரம் கிழியாத இலையா என்று விரித்துப் பார்ப்பது நல்லது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தேன். பிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும், அந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு.

இலையைப் போட்டதுமே பாதி வேலை முடிந்துவிட்டது என்று தோன்றியது. அதே சோறு, அதே சொதி. பச்சைமேல் வெள்ளை விழுந்ததும் மல்லிகைப்பூ மாதிரி எடுப்பாகத் தெரிந்தது. இத்தனை நாள் பீங்கான் தட்டுதான் அழகு என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

ஆனால் மேசைமேல் இலை போட்டால் ஒரு தொல்லை உண்டு. இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் தடியாக இருக்கும். மேசை சமதளம், அதன்மேல் நரம்பு ஒரு முதுகு மாதிரி தூக்கி நிற்கும். அதனால் இலையின் கீழ்ப்பாதி சாப்பிடுகிறவர் பக்கம் சரிந்துவிடும். மகளுக்குப் பரிமாறியபோது சொதி ஒரு கோடாக ஓடி மேசை விளிம்பைத் தாண்டி அவள் பாவாடையில் இறங்கியது. இதற்கு வழி: இலையைக் குப்புறப் போட்டு, கூர்மையான சின்னக் கத்தியைப் படுக்கவைத்து, நரம்பின் மேடான பகுதியை மட்டும் சீவிவிடுவது. முழுதாக எடுக்கக்கூடாது, இலை இரண்டாகப் பிரிந்துவிடும். பாதி கனத்துக்குச் சீவினால் போதும், இலை படிந்து உட்காரும். முதல் இலையை நான் கிழித்தேன். இரண்டாவதில் கை பழகிவிட்டது.

அடுத்து சோறு. கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்தால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். பழைய பொன்னிப் பச்சரிசி, பொலபொலவென்று வடித்திருந்தேன். கிண்ணத்தை எடுத்ததும் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. இரண்டாம் முறை கிண்ணத்தின் உள்ளே நெய் தடவி, சோறு ஆவி பறக்கும்போதே நிரப்பி, கரண்டியின் அடியால் லேசாக அழுத்தி, ஒரு நிமிடம் விட்டுக் கவிழ்த்தேன். நின்றது. ஆறின சோறு எத்தனை அழுத்தினாலும் நிற்காது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. கவிழ்த்த சோற்றின் உச்சியில் சின்னத் தம்ளரின் அடியை வைத்து அழுத்தினால் ஒரு குழி விழும். சொதியை அந்தக் குழியில் ஊற்றலாம், ஓடாது. பந்தியில் ரசத்துக்குப் பாத்தி கட்டுகிறோமே, அதேதான். கொஞ்சம் உருட்டி விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தக்காளி ரோஜா செய்யப் போனேன். தோலை ஒரே நாடாவாகச் சீவிச் சுருட்டினால் பூ மாதிரி வரும். வந்தது. இலையின் மூலையில் வைத்தேன். மகள், “அப்பா, இதை எதோட தொட்டுச் சாப்பிடணும்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வெள்ளரிக்காயில் விசிறி, கேரட்டில் மயில் எல்லாம் அந்த நிமிடமே கைவிடப்பட்டன. அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ன முடியாத எதுவும் இலையில் ஏறக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

கேரட்டை மட்டும் விடவில்லை. அது எப்படியும் சொதியில் போகிற காய்தானே. தோல் சீவிய கேரட்டின் நீளவாக்கில் ஐந்து இடத்தில் கத்தியால் சின்ன வாய்க்கால் வெட்டி எடுத்துவிட்டு, பிறகு வட்டமாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஐந்து இதழ்ப் பூவாக வரும். ஒரு கேரட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. வெட்டி எடுத்த துணுக்குகள் பொரியலுக்கு. துண்டு ரொம்ப மெல்லியதாக இருந்தால் வெந்ததும் இதழ் உதிரும். அரை விரல் கனம் இருக்கட்டும்.

இன்னொரு தப்பு, வெளியே சொல்ல வெட்கம்தான். நிறம் வரட்டும் என்று சொதியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்தக் கடையிலும் கிடைக்கிற குருமா மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“மஞ்சப் போட்டியா? மஞ்சப் போட்டா அதுக்குப் பேரு சொதியால?”

அதோடு விஷயம் தெளிவாகிவிட்டது. சொதி வெள்ளையாகத்தான் இருக்கும். நிறத்தை அதைச் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

சுற்றி என்று பார்த்தால் சிவப்புக்கு உருளைக்கிழங்கு காரக்கறி. அடர்ந்த ஊதாச் சிவப்புக்குப் பீட்ரூட் தயிர்ப் பச்சடி. பச்சடி அந்த வாரம் இலையையே கெடுத்தது. முன்கூட்டியே தயிரில் கலந்து வைத்ததால் நீர் விட்டு, சாயம் ஓடி, சோற்றின் ஒரு பக்கம் ரோஸ் நிறமாகிவிட்டது. அதற்கு ஒரு கிண்ணம் வேண்டும். எவர்சில்வர் கிண்ணத்தை இலைமேல் வைத்தால் பச்சைக்கு நடுவே உறுத்துகிறது. தொன்னை செய்யலாமே என்று தோன்றியது.

மூன்றாவது இலையை அதற்காக வெட்டினேன். ஒரு சாண் சதுரத் துண்டு. நான்கு மூலையையும் மடித்து ஈர்க்கால் குத்த வேண்டும். பச்சையாக மடித்தால் மடிப்பில் கிழியும். அடுப்புத் தீயில் ஒரு கை உயரத்தில் முன்னும் பின்னுமாகக் காட்டினால் இலை பளபளத்துக் கரும்பச்சையாகி, துணி மாதிரி வளைந்துகொடுக்கும். பொட்டலச் சோறு கட்டுகிறவர்கள் செய்வது இதுதான். இருந்தாலும் என் தொன்னை ஒழுகியது. காரணம் கண்டுபிடிக்க மூன்று தொன்னை ஆனது. வாழையிலையின் நரம்புகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. அந்தத் திசையில்தான் கிழியும். இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றின் நரம்பு நெடுக்கிலும் மற்றதன் நரம்பு குறுக்கிலும் வருமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தேன். ஒட்டுப்பலகை செய்கிற அதே வித்தை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஈர்க்கு கிடைக்காமல் தென்னந்துடைப்பத்திலிருந்து ஒன்றை உருவப் போனேன். மனைவி பார்த்த பார்வையில் புதுத் துடைப்பம் வாங்கி அதிலிருந்து எடுத்தேன்.

மூன்றாம் ஞாயிறு: உத்திரட்டாதி

அம்மா வெள்ளிக்கிழமை காலையில் ரயிலில் வந்து இறங்கினாள். ஒரு பையில் தேங்காய் நாலு, இன்னொன்றில் எலுமிச்சை. “இங்க தேங்கா யான வெல” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு காலையில் அவளை அடுப்படிக்குள் விடாமல் வைத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. மகளை அனுப்பி, பக்கத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு மேசையை இடம் மாற்றினேன். விளக்கின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் பால்கனிக் கதவின் பக்கத்தில் போட்டேன். பன்னிரண்டரை மணிக்கு அங்கே நேர் வெயில் விழாது, ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் நிறைய வரும். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசும் இல்லை, திறமையும் வேண்டாம். ஆனால் தேங்காய்ப்பாலில் மிதக்கிற நெய்ப்பசைகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. மேசைக்குப் புது வெள்ளை விரிப்பு, 220 ரூபாய். தரையில் பாய் போட்டு இலை விரிப்பதுதான் முறை. அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது.

தண்ணீர் வைக்க ஒரு பித்தளைச் செம்பு. பரணில் கறுத்துக் கிடந்தது. ஊறவைத்த புளிச்சக்கையில் கல்லுப்பைக் கலந்து தேய்த்தேன். பத்து நிமிடத்தில் மஞ்சள் வந்துவிட்டது. கழுவியதும் ஈரம் காய விடாமல் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சொட்டுச் சொட்டாகக் கறை நிற்கும்.

பத்து மணிக்கு இஞ்சிப் பச்சடி. இஞ்சி, புளி, வெல்லம், மிளகாய். இது சுண்டச்சுண்டக் கறுத்துப் பளபளக்கும், அதுவே அதன் அழகு. நெல்லிக்காய் அளவுக்கு மேல் இலையில் வைக்கக்கூடாது. நிறைய வைத்தால் சேறு மாதிரி தெரியும். கொஞ்சமாக வைத்தால் திருஷ்டிப் பொட்டு மாதிரி அழகாக இருக்கும்.

பதினொன்றுக்குச் சொதி. இந்த முறை பீன்ஸையும் பட்டாணியையும் மற்றக் காய்களோடு போடவில்லை. தனியாக, உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில், மூடாமல், நாலு நிமிடம். உடனே வடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசி எடுத்துவைத்தேன். முதல் பால் ஊற்றி இறக்கிய பிறகு, பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் அவை சொதிக்குள் போயின. எலுமிச்சையும் அப்போதுதான். சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கும்போது சிவக்க விடாமல் தீயைக் குறைத்தே வைத்தேன். சிவந்தால் பாலில் பழுப்பு இறங்கிவிடும்.

பதினொன்றரைக்குக் காரக்கறி, ஊரிலிருந்து எப்போதோ வந்த இரும்புச் சட்டியில். போன இரண்டு வாரமும் நான்ஸ்டிக் சட்டியில் செய்தேன், மொறுமொறுப்பே வரவில்லை. உருளைக்கிழங்கை ஒரே அளவு சதுரமாக நறுக்குவது கொஞ்சம் பொறுமையான வேலை. ஆனால் துண்டுகள் ஒரே அளவாக இருந்தால்தான் ஒன்று கருகி ஒன்று வேகாமல் போகாது. முக்கால் வேக்காட்டில் வடித்து, ஆறவைத்து, எண்ணெயில் போட்டுக் கிண்டாமல் விட்டேன். ஒரு பக்கம் பொன்னிறமானதும் ஒரே ஒரு புரட்டு. மிளகாய்த்தூள் கடைசி இரண்டு நிமிடத்தில்தான். முன்னாலேயே போட்டால் கருகிக் கறுத்துவிடும். பாதி வீட்டுத் தூள், பாதி காஷ்மீர் மிளகாய்த்தூள். பின்னது காரத்துக்கு இல்லை, நிறத்துக்கு.

பீட்ரூட்டைத் துருவி வதக்கித் தனியாக வைத்தேன். தயிர் தனியாக. பரிமாறும்போது தொன்னையில் தயிரை ஊற்றி, நடுவில் பீட்ரூட்டை வைத்து, கரண்டிக் காம்பால் ஒரே ஒரு சுற்று. முழுதாகக் கலக்காமல் விட்டால் வெள்ளையும் சிவப்புமாக வரி வரியாக நிற்கும்.

பன்னிரண்டே காலுக்குத் தாளிப்பு. சொதிக்குள் கொட்டும் தாளிப்பு வேறு, கண்ணில் படுவதற்கென்று இது வேறு. கறிவேப்பிலையை ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெயில் பத்து விநாடி பொரித்தெடுத்தேன். அதற்கு மேல் போனால் பச்சை போய்விடும். முழு வற்றல் மிளகாய் இரண்டு, முந்திரி நாலைந்து. அப்பளம் எல்லாவற்றுக்கும் கடைசி, அம்மா உட்கார்ந்த பிறகு.

அம்மா உட்கார்ந்தாள். இலை போட்டேன். நுனி இடப்பக்கம். வலக்கைக்கு அகலமான பக்கம். தண்ணீர் தெளித்தேன், அவளே துடைத்துக்கொண்டாள். இடது மூலையில் உப்பு, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி, அப்புறம் காரக்கறி, வலது ஓரம் தொன்னை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். கல்யாணப் பந்தியில் முதல் பரிமாறல் முடிந்த இலை ஏன் அத்தனை அழகாக இருக்கிறது என்று இந்த மூன்று வாரம் யோசித்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான். வைப்பது கொஞ்சம், நடுவே தெரிகிற பச்சை நிறைய. பசித்தவருக்கு இரண்டாம் தடவை கேட்டு வைக்கலாம். முதலிலேயே கரண்டி கரண்டியாகக் கொட்டினால் இலை மறைந்துவிடும்.

கிண்ணத்தில் சோற்றை நிரப்பி, கவிழ்த்து, தம்ளரால் குழி செய்து, குழியில் ஆவி பறக்கச் சொதியை ஊற்றினேன். பூக்கேரட் இரண்டு மேலே மிதந்தன. பீன்ஸ் பச்சையாகவே இருந்தது. பொரித்த கறிவேப்பிலையையும் வற்றலையும் முந்திரியையும் உச்சியில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் நின்று பார்த்தேன். நானே செய்தேனா என்றிருந்தது. மனைவி போனை எடுத்தாள்.

அம்மா இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது என்னல, ஆத்து மணல்ல வீடு கட்டுன மாதிரி?”

சொல்லிக்கொண்டே விரல்களால் ஒரே அழுத்து. கோட்டை சரிந்து, சொதி பரவி, சோறு பிசைந்தாகிவிட்டது. படம் எடுக்க மனைவிக்கு நேரமே கிடைக்கவில்லை. இரண்டு வாரம் பழகிய கிண்ணச்சோறு மூன்று விநாடி இருந்திருக்கும்.

ஆனால் தொன்னையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் விரலை வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்தாள். “ஈக்கு எங்க கெடச்சுது?” என்று கேட்டாள். துடைப்பக் கதையைச் சொன்னதும் சிரித்ததில் புரையேறிவிட்டது. பித்தளைச் செம்பு அப்போதுதான் உதவியது. இரண்டாம் முறை சோறு போட வந்தபோது கிண்ணத்தை எடுக்கப் போன என்னை, “சும்மா போடுல” என்று அதட்டினாள். சும்மா போட்டேன். நடுவில் அவளே குழி செய்துகொண்டாள்.

காரக்கறி மூன்று தடவை வாங்கினாள். அப்பளத்தைச் சொதிமேல் நொறுக்கினாள். “உப்பு ஒரு கல்லு தூக்கல்” என்றாள். சரிதான், பீன்ஸை உப்புத் தண்ணீரில் வேகவைத்ததை மறந்து சொதிக்கு வழக்கமான அளவு போட்டிருந்தேன். அடுத்த முறை சொதியில் கால்வாசி குறைக்க வேண்டும்.

மோர் ஊற்றலாம் என்று எழுந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“காரக்கறி எந்தச் சட்டியில செஞ்ச?”

“இரும்புச் சட்டி.”

“கழுவிட்டியா?”

கழுவவில்லை. மசாலா அடிபிடித்து, எண்ணெய் மினுங்க, அடுப்பின் மேலேயே இருந்தது.

“அதுல ஒரு பிடி சோத்தப் போட்டு எடுத்துட்டு வா.”

அடுப்படியில் சோற்றைப் போட்டுப் பிரட்டினேன். சட்டியைச் சுரண்டி வந்த சோறு செக்கச்செவேல் என்று இருந்தது. இலையில் வைக்கலாமே என்று கிண்ணத்தைத் தேடினேன். அதற்குள் அம்மா, “இங்க கொண்டா” என்று குரல் கொடுத்தாள். சட்டியையே பிடிதுணியோடு தூக்கிக்கொண்டு போனேன். வாங்கி, இலையைச் சற்றுத் தள்ளி, சட்டியை விரிப்பின்மேல் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தபடி, ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து ஓர் உருண்டை பிடித்தாள். என் பக்கம் நீட்டினாள். நின்றுகொண்டே வாயில் வாங்கினேன்.

சட்டியின் அடிக்கரி அந்த 220 ரூபாய் வெள்ளை விரிப்பில் வட்டமாகப் பதிந்துவிட்டது. எலுமிச்சை, வெந்நீர், சோப்புத்தூள் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இன்னும் போகவில்லை.